வேணும், வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்

'வேணாம் சித்தி' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் இரண்டாவது மகள் வாயிலிருந்து. சித்திக்கு டீ வேண்டுமா என்று கேட்டு வரச் சொல்லி மாடிக்கு அனுப்பியிருந்தேன். போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"அம்மா, வேணாம் சித்திக்கு டீ வேணாமாம்."

"அது யாருடி வேணாம் சித்தி?"

"நம்ம சித்திதான். வேணாம், வேணாம், வேணாம்னு மூணு தடவை சொன்னாங்க. ஒரு டீக்கு எதுக்கும்மா மூணு வேணாம்?"

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "என்னக்கா, வீட்டுல எல்லாருக்கும் டீ, எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். அவள் வேணாம் என்று சொன்னது டீயை இல்லை. கம்ப்யூட்டர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வாய் என்ன சொல்கிறதோ அதையே விரல் தட்டும், விரல் தட்டுவதையே வாய் சொல்லும். குழந்தை பக்கத்தில் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். அப்புறம் என் மாமியார், மாமியாரின் தங்கை, எதிர்வீட்டுக்காரர் என்று எல்லோர் வாயிலும் அதுவே. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரைச் சொன்னால் அவள் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டுவார்.

அவள் எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி. அதற்கு முன்பே தூரத்துச் சொந்தம். என் மாமியாருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு மச்சினி, அந்த மச்சினியின் மகள் இவள். மச்சினியின் கல்யாணத்தில்தான் என் மாமனார் புதுக்குடையைத் தொலைத்துவிட்டு வேறு யாருடைய குடையையோ எடுத்து வந்தார். அந்தக் குடை ரொம்ப நாள் எங்கள் வீட்டில் இருந்தது.

என் கொழுந்தனார் கீழ்த்தளத்தில் பஸ்களுக்கு சீட் உறை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். எந்நேரமும் மேலெல்லாம் ரெக்சின் வாசனை. அதனால் அவருக்கு 'ரெக்சின் தம்பி' என்று பெயர். வேணாம் சித்தி கல்யாணத்துக்கு முன் கட்டடப் பிளான் வரைகிற ஆபீசில் வேலை பார்த்தவள். அங்கே பழசாகிப்போன ஒரு வொர்க்ஸ்டேஷனை வெளியே போடப் போனார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரைவிட இரண்டு மடங்கு பெரிசு, தூக்க இரண்டு ஆள் வேண்டும். "நான் பாத்துப் பாத்து வெச்சிருந்த பெட்டி" என்று சொல்லி அதைக் கையோடு கொண்டு வந்துவிட்டாள். அந்த தைரியத்தில்தான் ரெக்சின் தம்பி, மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வெட்டுமேசை ஒன்று வாங்கினார். பெட்டி வடிவத்தைச் சொல்லும், மேசை கத்தியை ஓட்டி ரெக்சினை வெட்டித் தரும். இரண்டுக்கும் நடுவில் பேசுகிற அட்டை ஒன்று உண்டு. அதைச் சொருகப் புதுக் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. அதனால் அந்தப் பெட்டி இருந்தால்தான் மேசை. மேசை இருந்தால்தான் பட்டறை.

ஒரு நாள் பெட்டிக்குள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் கரகரவென்று இருமி நின்றுவிட்டது. அந்த ரக டிஸ்க் எங்கேயும் கிடைக்கவில்லை. வேணாம் சித்தி வேறு ரகத்தில் ஒன்று தேடிப் பிடித்து, அதற்கென்று தனி அட்டையும் வாங்கி மாட்டி, அப்போது கிடைத்த புது சிஸ்டத்தை ஏற்றினாள். பெட்டி எழுந்தது. மேசைக்கு வேலை கொடுத்தால் மட்டும் பாதி வெட்டில் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மலைத்து உட்கார்ந்தது.

"எழுந்துடுச்சு இல்ல? அப்புறம் என்ன கேடு?" என்றார் என் மாமியார்.

"கெர்னல் ரொம்பப் பெருசு அத்தை. இருக்கற மெமரியை எல்லாம் அதுவே அடைச்சிக்குது. மத்தவங்களுக்கு உட்கார இடமில்ல."

"கெர்னல்னா யாரு?"

"பெட்டியில முதல்ல முழிச்சிக்கிறது அதுதான். டிஸ்க் எங்க, திரை எங்க, மேசை எங்கன்னு பாத்து ஒவ்வொண்ணுக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கும். அது சொல்லாம ஒண்ணும் அசையாது."

"அப்ப இந்த வீட்டுக்கு நான்."

"நீங்களேதான். ஆனா அதை இளைக்க வைக்கலாம் அத்தை."

மாமியார் தன் இடுப்பை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ரெக்சின் தம்பி சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அவருக்குத்தான் விஷயம் சட்டென்று பிடிபட்டது. கடையில் வருகிற கெர்னல் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தட்டும் என்று தொளதொளவெனத் தைத்தது. இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் அளவெடுத்து, வேண்டாததை எல்லாம் கத்தரித்து, ஒட்டத் தைக்க வேண்டும். அவர் தொழிலும் அதுதானே.

ஆனால் அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ் முதலாளி தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் உறை கேட்டிருந்தார். கையால் வெட்டினால் பாதிகூட முடியாது. இந்தச் சமயம் பார்த்து வேணாம் சித்தியின் அண்ணன், வெளியூரில் குடோன் வைத்திருப்பவர், போன் போட்டார். "மாப்பிள்ளை, எதுக்கு அந்த ஓட்டைப் பெட்டியோட மல்லுக்கட்டறீங்க? குடோனைப் பாத்துக்குங்க, பின்னாடி வீடு இருக்கு. ஞாயித்துக்கிழமை வேனோட வரேன். ஏறிக்கிட்டா சரி" என்றார்.

மாடி காலியாகிவிடும் என்று என் மகள்கள் அப்போதே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். வேணாம் சித்திக்குப் போக இஷ்டம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. இங்கேயே இருப்போம் என்று சொல்லி, நாளைக்குப் பெட்டி ஓடாமல் போனால் பட்டறை படுத்த பழி அவள் தலையில் விழும். தம்பி கேட்கும்போதெல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நழுவினாள்.

வியாழக்கிழமை பெட்டியை மாடிக்கு ஏற்றிவைத்து அவள் அளவெடுக்க உட்கார்ந்தாள். நானும் மாமியாரும் பட்டாணி உரிக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். எந்தெந்தப் பாகத்தை ஓட்டுகிற துண்டு வேண்டும் என்று பெட்டி ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில் மூன்றே மூன்றுதான். வேணும் என்றால் கெர்னலோடு சேர்த்தே தைத்துவிடும். வேணாம் என்றால் விட்டுவிடும். மூன்றாவது, அப்புறம் பாத்துக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தத் துண்டைத் தனியாகத் தைத்து டிஸ்கில் மடித்து வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது எடுத்து மாட்டிக்கொள்ளும்.

"ஜாய்ஸ்டிக்? வேணாம்."

"அது என்ன?"

"விளையாடற குச்சி அத்தை."

"புள்ளைங்க இருக்கற வீடு, இருந்துட்டுப் போகட்டுமே."

"வேணாம். ரேடியோக்காரங்க டிரைவர்? வேணாம்."

"பாட்டு கேக்கலாம்டி."

"அதுல பாட்டெல்லாம் வராது. பதினாறு பிராசசர்? நமக்கு இருக்கறது ஒண்ணு. வேணாம். டேப் டிரைவர்? வேணாம். பிளாப்பி டிரைவர்? வேணும், சீட் வடிவமெல்லாம் பிளாப்பியிலதான் இருக்கு."

"இத்தனை டிரைவர் எதுக்கு? வீட்டுல ஒரு வண்டி கிடையாது."

வேண்டாம் என்று தள்ளிய ஒவ்வொன்றுக்கும் என் மாமியார் உச்சுக் கொட்டினார், ஏதோ வாசலுக்கு வந்தவர்களைத் துரத்திவிட்ட மாதிரி.

"டிஸ்க் அட்டை..." என்று அவள் அடுத்ததை வாசித்தபோது ரெக்சின் தம்பி கதவருகே வந்து நின்றார். கையில் அளவு நாடா. "உங்கண்ணன் திரும்பவும் போன் பண்றாரு. என்ன சொல்லட்டும்? போறோமா, இல்லையா?"

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. விரல் ஒரு தட்டுத் தட்டியது. "அடுத்தது, பிரிண்டர். வேணாம்."

தம்பி நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கெர்னல் கட்ட ஆரம்பித்தது. பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. எங்கள் வீட்டு பியூஸோ கொஞ்சம் அதிகமாக இழுத்தாலே போய்விடும். அதனால் இஸ்திரிப் பெட்டி கூடாது, ஹீட்டர் கூடாது, தண்ணீர் மோட்டார் கூடவே கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சட்டம் போட்டார். சாயங்காலம் முடியப் போகிற நேரத்தில், பழக்க தோஷத்தில், மோட்டாரைப் போட்டதும் அவரேதான். படக்கென்று எல்லாம் அணைந்தது. இருட்டிலேயே மாமியார் ஒரு டம்ளர் டீயோடு மெல்ல மாடி ஏறினார். காலையில் பியூஸ் கம்பி வாங்கிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டி, ஒரு வழியாக சனிக்கிழமை மத்தியானம் புதுக் கெர்னல் தயாரானது.

எல்லோரும் சுற்றி நின்றோம். பெட்டி எழுந்தது, மளமளவென்று எழுத்து ஓடியது. திடீரென்று நின்றது. கடைசி வரியில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் தம்பி.

"டிஸ்க்கைக் காணோமாம். பேனிக்னு எழுதியிருக்கு, பயந்துட்டேன்னு அர்த்தம்."

"அதுவே பயந்துடுச்சா?" என்றார் தம்பி. அப்புறம் கீழே போய், மடிக்கிற ஸ்டூல்களை மடித்து ஓரமாகச் சாத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

வேணாம் சித்தி கேபிளைக் கழற்றி மாட்டினாள், அட்டையைத் துடைத்தாள். மறுபடியும் அதே பயம். பழைய பெரிய கெர்னலை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அதைப் போட்டால் டிஸ்க் தெரிகிறது. புதுசுக்கு மட்டும் தெரியவில்லை.

"டிஸ்க் அட்டைக்கு வேணும்னுதானே சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"சொல்லலை" என்றார் மாமியார்.

"அத்தை, உங்களுக்கு இதைப் பத்தித் தெரியாது."

"இதைப் பத்தித் தெரியாது. நீ என்ன சொன்னேன்னு தெரியும். என் புள்ளை வந்து போறோமா இல்லையான்னு கேட்டான். பட்டாணியைக் கீழ வெச்சிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உட்காந்திருந்தேன். அப்புறம் பாத்துக்கலாம்னே. அவன் மூஞ்சியைப் பாத்து சொல்லலை, பெட்டி மூஞ்சியைப் பாத்துதான் சொன்னே. அது எடுத்துக்கிச்சு."

வேணாம் சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். டிஸ்க்கைத் திறக்கிற துண்டை, பெட்டி அவள் சொன்னபடியே தனியாகத் தைத்து, அந்த டிஸ்கிலேயே மடித்து வைத்திருக்கிறது. டிஸ்க்கைத் திறந்தால்தான் அதை எடுக்கலாம், அதை எடுத்தால்தான் டிஸ்க்கைத் திறக்கலாம்.

"எல்லாத்தையும் அப்புறம்னு சொல்லலாம்க்கா" என்றாள் என்னிடம். "எழுந்து நிக்கறதுக்கு வேண்டியதை மட்டும் சொல்லக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஒரு பதிலை மாற்றிவிட்டு மறுபடி கட்டவிட்டாள். முன்போல முழுப் பகல் தேவையில்லை, மாறினதை மட்டும் தைத்தால் போதுமாம். பாதியில் வேன் வந்து நின்றது. குடோன் அண்ணன் ராத்திரிப் பயணத்தில் கசங்கிய சட்டையோடு இறங்கினார். மாமியார் சுவிட்ச் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார்.

"இஸ்திரிப் பெட்டி எங்கம்மா இருக்கு?"

"இன்னிக்கு இந்த வீட்டுல யாரும் சட்டை தேய்க்கக் கூடாது."

"ஏன், யாராவது தவறிட்டாங்களா?"

"வாயைக் கழுவுங்க. என் மருமக கெர்னல் கட்டறா."

தம்பியும் குடோன் அண்ணனுமாகச் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள். ரெக்சின் சுருள்கள், ஸ்டூல்கள், கத்தரிகள், மாடியிலிருந்து துணிப் பெட்டி. தையல் மிஷினுக்குக் கை வைக்கும்போது மேலேயிருந்து என் மகள்கள் கத்தினார்கள். பெட்டி எழுந்துவிட்டது, பயப்படவில்லை.

எல்லோரும் சேர்ந்து அதைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து மேசையோடு இணைத்தார்கள். வேணாம் சித்தி ஒரு சீட் வடிவத்தைப் போட்டாள். கத்தி இறங்கியது, வெறும் மேசையில் வளைந்து நெளிந்து, எங்கேயும் நிற்காமல், தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. வெட்ட ரெக்சின்தான் இல்லை, வேனில் இருந்தது.

யாரும் போவதற்குள் அவளே வேனில் ஏறிவிட்டாள். ஒரு சுருளை இழுத்துத் தம்பியின் கையில் போட்டாள். "வேணும்" என்றாள். கத்தரிகளை எடுத்தாள். "வேணும்." ஸ்டூல். "வேணும்." அடுத்த ஸ்டூல். தம்பி வாங்கி வாங்கி வைத்தார். துணிப் பெட்டிக்கு வந்தபோது அவர் கையை நீட்டாமல் அவளையே பார்த்தார். அவளும் இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"இதுவும் வேணும். மேல கொண்டு போங்க."

"பாப்பா, அப்ப குடோனு?" என்றார் அண்ணன்.

"வேணாம்ண்ணா."

"பின்னாடி வீடு?"

"வேணாம்."

"ஒரு டீயாவது போடுவியா, அதுவும் வேணாமா?"

டீ நான்தான் போட்டேன். மாமியார் சுவிட்ச் போர்டை விட்டு நகர்ந்து அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். மேசை வெட்டிய முதல் துண்டை ரெக்சின் தம்பி உட்கார்ந்த இடத்திலேயே தைத்து, அண்ணனின் வேனில் டிரைவர் சீட்டுக்கு மாட்டிவிட்டார். காலி வேனில் புது உறையோடு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த வேன் ஓடின வரைக்கும் உறை கிழியவில்லை என்று அவர் மனைவி போன மாதம்கூடச் சொன்னாள்.

பஸ் உறைகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. அந்தக் கெர்னலை அதற்குப் பிறகு அவள் பல தடவை பிரித்துத் தைத்துவிட்டாள். என் மகள்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், மாமியாரும் இப்போது இல்லை. வேணாம் சித்திக்கு அறுபது வயது ஆகிறது. அதே வீட்டில், மாடியில், ரெக்சின் தம்பியோடு இருக்கிறாள்.