அண்டாக்களை முதலில் ஏற்றிய சாலோமி

முக்கூடல் சாலோமிக்கு யானையிடம் பயமில்லை, சிறுத்தையிடமும் பயமில்லை. ஆடி அமாவாசை முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தைப் பார்த்தால்தான் பயம். பாபநாசத்துக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற அய்யனார் கோயிலுக்குச் சனம் சும்மாவா வருகிறது? பாய், தலையணை, அரிசி மூட்டை, பெரியப்பா, சித்தப்பா, அத்தனையையும் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றங்கரையில் குடில் போட்டு, பொங்கித் தின்று, தங்கிவிட்டுத்தான் போகும். சொந்த வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. எல்லோரும் அரசு பஸ்ஸில்தான் மலையிறங்கவேண்டும். அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றுகிற வேலை வனக்காவலர் சாலோமியின் தலையில்.

போன வருஷம் அவள் அடித்த கூத்தைக் கேளுங்கள். கயிறு கட்டி, வரிசையில் நிறுத்தி, ஐம்பத்தைந்து தலை எண்ணி ஒவ்வொரு பஸ்ஸாக அனுப்பப் பார்த்தாள். நம்ம சனம் தலைக்கணக்கில் அடங்குமா? அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. “எங்க சின்னவன் ஏறலியே!” என்று ஏறியவர்கள் எல்லாம் இறங்கினார்கள். வந்திருந்த நாற்பது பஸ்ஸும் நகராமல் நின்றன. ரோட்டைக் கடக்க வந்த யானைக்கூட்டம் குட்டியோடு ஒரு மணி நேரம் தவித்துப்போய் நின்றது.

இந்த வருஷம் ரேஞ்சர் கார்த்திகேசன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். “சாயங்காலம் ஆறு மணிக்கு ரோடு காலியா இருக்கணும். இல்லன்னா உன்ன வேற ஜில்லாவுக்கு மாத்தச் சொல்லி நானே எழுதிருவேன், பாத்துக்க.”

பன்னிரண்டு வருஷம் நடந்த காடு. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் வரும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. இதை விட்டுப் போவதா?

மூன்று நாள் குடில் குடிலாகச் சுற்றியதில் ஒன்று பிடிபட்டது. இந்தச் சனம் சோறு பொங்குகிற பெரிய அண்டாவைக் கண்ணைவிட்டு நகர்த்தாது. அண்டா எங்கேயோ, குடும்பம் அங்கே. திரும்புகிற நாள் காலையில் சாக்பீஸோடு கிளம்பி, ஒவ்வொரு குடும்பத்தின் அண்டாவிலும் கரி படிந்த பக்கத்தில் பஸ் நம்பரை எழுதினாள். நம்பர் பார்த்து அண்டாவை முதலில் ஏற்றிவிட்டால் ஆட்கள் தானாகப் பின்னால் வருவார்கள் என்பது அவள் கணக்கு.

மூன்று மணிக்கு வந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை அண்டாவையும் ஆற்று மணலில் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்றிலாவது நம்பர் இருக்கவேண்டுமே!

“ஐயோ, நம்பர அழிச்சிட்டீயளே!” என்று கத்தினாள்.

டவுணிலிருந்து வந்த பார்வதியம்மாள் இடுப்பில் கைவைத்தாள். “பின்ன, கரி அண்டாவத் தூக்கிட்டா ஊருக்குப் போவாவ? நல்லாருக்கே உன் நியாயம்!”

சாலோமிக்கு அழுகை முட்டியது. அப்படியே பார்வதியம்மாளின் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் விளிம்பு மின்னியது. அதில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது: ‘சூ. பார்வதி’. கல்யாணச் சீராக வந்தபோது பாத்திரக்கடையில் வெட்டியது. பக்கத்து அண்டாவைத் திருப்பினாள். அதிலும் பெயர். அடுத்ததிலும் பெயர். அட, இதை எந்த மணலும் தேய்க்க முடியாதே!

நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் பெயரைக் குறித்துக்கொண்டு ஐந்தைந்து அண்டாவாக ஏற்றும்படி கண்டக்டர்களிடம் சொன்னாள். கோயில் மைக்கைப் பிடுங்கினாள். “சூ. பார்வதி அண்டா ஏழாம் நம்பர் பஸ்ல இருக்கு! வேலம்மாள் அண்டா எட்டாம் நம்பர்ல!”

பார்வதியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். “ஏ பிள்ள, எங்க அண்டாவ எங்கன கொண்டு போறீய?”

“அது ஏறிட்டு மைனி. நீங்கதான் இன்னும் ஏறல.”

“ஏலே சிவகணேசு! குளிச்சது போதும், வாலே! அண்டா போவுது!”

ஆற்றுக்குள்ளிருந்து தலை துவட்டாமல் ஓடிவந்தான் மகன். அவன் பின்னால் பெண்டாட்டி, பிள்ளைகள், மச்சினன் வீடு, மொத்தம் பதினொரு பேர். ஒருவரும் விடுபடவில்லை. வரிசையும் வேண்டியிருக்கவில்லை, கயிறும் வேண்டியிருக்கவில்லை. நாலு மணிக்கு இருபது பஸ் போயிருந்தது. ஐந்து மணிக்கு முப்பத்துநாலு. சாலோமியின் தொண்டை கட்டி, பெயர்கள் பாதி காற்றாக வந்தன. விட்டாளா? விடவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு நாற்பதாவது பஸ்ஸும் கிளம்பிப் போனது. பத்து நிமிஷத்தில் கீழே செக்போஸ்டிலிருந்து வாக்கிடாக்கி கரகரத்தது. ரேஞ்சர்தான்.

“சாலோமி, பின்னால எத்தன பஸ் வருது?”

“ஒண்ணுமில்ல சார். அதுதான் கடைசி.”

“வெளயாடாத!”

“நேர்ல வந்து பாருங்க சார்.”

அவர் செக்போஸ்ட் நோட்டைப் புரட்டிப் பஸ்களை எண்ணுவது கேட்டது. பிறகு அவர் குரலே மாறிவிட்டது. “மாத்தலும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். எவன் கேட்டாலும் இந்தக் காட்டுலேர்ந்து உன்ன விடமாட்டேன்.”

சாலோமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற பெண், ஆளில்லாத ரோட்டின் நடுவில் நின்று, கட்டிய தொண்டையோடு காடே கேட்க ஒரு குலவை போட்டாள்.