நாலாம் நம்பர் டபுள் ரூம்

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவளும் அவள் கணவரும் சேர்ந்து குடித்தனம் நடத்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் முக்கால்வாசிக்கு அறை ஒதுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்குமான ஓர் ஆய்வு நிறுவனத்தில், பயிலரங்கம் நடத்துகிற அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மாதம் தவறினாலும் பயிலரங்கம் தவறாது. வெளியூர் ஆட்கள் வருவார்கள், கரும்பலகையை நிரப்புவார்கள், அழிப்பார்கள், டீ வேளையில் சண்டை போடுவார்கள், போய்விடுவார்கள். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையிலிருந்து விருந்தினர் விடுதிச் சாவிவரை எல்லாம் என் தலையில்.

தங்கை கணிதக்காரி. முடிச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி. கயிற்று முடிச்சுதான், ஆனால் கயிறு கிடையாது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். இதே நிறுவனத்தில் தற்காலிக வேலை. வருஷம் முடியும்போதெல்லாம், நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிட மாட்டாள். மாப்பிள்ளை இயற்பியல்காரர். பதினாறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை. அவரால் அதை விட முடியாது, இவளுக்கு அங்கே வேலை இல்லை. தங்கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டே அறை, அவள் ஹாலில் படுக்கிறாள். மாப்பிள்ளை வந்தால் அவரையும் எங்கே படுக்க வைப்பது? நல்லவேளை, அவருடைய ஆராய்ச்சியும் இவள் முடிச்சும் எங்கேயோ தொட்டுக்கொள்கின்றன. அதனால் பயிலரங்கத்துக்கு வருவார். விடுதியில் நாலாம் நம்பர் டபுள் ரூமை அவர்களுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். கேன்டீன்காரர் இவர்களுக்கு 'ஒர்க்ஷாப் தம்பதி' என்று பட்டமே சூட்டியிருந்தார்.

அந்த அறையில் அவள் குடித்தனம் பண்ணுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டிலிருந்து ஒரு மேசை விரிப்பும் இரண்டு டம்ளரும் எடுத்துப்போவாள். ஐந்தாம் நாள் மடித்துப் பையில் வைத்துத் திரும்பக் கொண்டுவருவாள்.

போன வருஷக் கடைசியில் மாப்பிள்ளையின் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியானது. வயது வரம்பு நாற்பத்திரண்டு. இவளுக்கு நாற்பத்தொன்று முடிந்து ஏழு மாதம். விட்டால் அடுத்தது கிடையாது. விண்ணப்பத்தை அவள்தான் தயார் செய்தாள். கடைசி நாளன்று வேறோர் ஊரில் பயிலரங்கத்தில் பேசிக்கொண்டிருந்தாள். "நீயே பாத்து அனுப்பிடுக்கா, உனக்குத் தெரியாததா" என்றாள். உண்மைதான், இப்படி எத்தனை அனுப்பியிருப்பேன்.

அதில் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கப் பட்டியல் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பு. அவள் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனது. கட்டுரை எதையும் எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது: கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவதே வழக்கம், யார் எவ்வளவு செய்தார் என்பதற்கும் வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. இது யாருக்குத் தெரியாது என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்தில் கேன்டீன்காரருக்கே தெரியும். எடுத்துவிட்டேன்.

எங்கள் அப்பா அவளுக்கு வைத்த பெயர் எந்தப் பட்டியலிலும் வாலில்தான் வரும். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் அவள்தான் கடைசி. பன்னிரண்டு கட்டுரை, பன்னிரண்டிலும் அவள் பெயர் கடைசி. போதாக்குறைக்கு, பளிச்சென்று தெரியட்டும் என்று அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை.

காரணத்தை மாப்பிள்ளைதான் கொண்டுவந்தார், இந்த மாதப் பயிலரங்கத்துக்கு வந்தபோது. இரண்டாம் நாள் டீ வேளையில் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"கமிட்டியில இருந்தவர் ஒருத்தரைப் பாத்தேன்க்கா. அஞ்சு பேர்ல கணக்குக்காரர் யாருமே இல்லையாம், எல்லாரும் லேப் ஆளுங்க. அவங்களுக்கு முதல் பேர்தான் வேலை பாத்த ஆள். எல்லாத்துலயும் கடைசியா வர்றாங்களே, கூடமாட இருந்தாங்க போலன்னு ஒதுக்கிட்டாங்களாம்."

"அதுக்குத்தான கடைசியில குறிப்பு போட்டிருந்தேன்?" என்றாள் தங்கை. "அதைக்கூடவா படிக்கல?"

"குறிப்பு எதுவும் பாக்கலைன்னுதான் சொன்னார்."

"பாத்திருக்க மாட்டாங்க. படிக்கிற பழக்கம் இருந்தாத்தான."

அப்படியே விட்டிருந்தால் பழி அந்த ஐந்து பேர் மேல் போயிருக்கும். ஒரு நிமிஷம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "ரெண்டு வரி அடுத்த பக்கம் போச்சு. எல்லாருக்கும் தெரியுமேன்னு எடுத்துட்டேன்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கியிருந்தா அடங்கியிருக்கும்க்கா" என்றாள். அவ்வளவுதான். டீ வேளை முடிந்ததும் அவளுடைய உரை. கையிலிருந்த டீ கப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவள் அரங்கில் ஒரு மணி நேரம் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றதை வாசலிலிருந்து பார்த்தேன். கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அன்றே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை விளக்கி எழுதினேன். நேர்முகப் பட்டியல் முடிவாகிவிட்டது என்று மறுநாளே ஒரு வரியில் பதில் வந்தது. அவர்களுக்கும் ஒரு வரி போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மாப்பிள்ளையை ரயில் ஏற்றிவிட்டு அவள் நேரே என் அலுவலகத்துக்கு வந்தாள். தோள்பையில் டம்ளர்கள் மோதிக்கொண்டன. நாலாம் நம்பர் சாவியை மேசைமேல் வைத்தாள். நான் கையெழுத்துப் போடும் நோட்டை நகர்த்தினேன். போட்டாள்.

"அவர் வர்ற மாதிரி அடுத்தது எப்பக்கா?"

"நாலு மாசம் கழிச்சு."

"அஞ்சு நாளா, பத்து நாளா?"

"அஞ்சு" என்றேன்.

"சரி. அந்த ரூமையே போட்டுடு" என்றாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருந்தாள்.