தூசி என்று சொன்னேன்

போன வாரம் மருமகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து முடி காயவைக்கிற மெஷினைப் போட்டாள். ரொம்ப நாளாகப் பெட்டிக்குள் கிடந்தது போலிருக்கிறது. சூடான காற்றோடு தூசி கருகுகிற ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு மட்டும் ஆய்ந்துகொண்டிருந்த கீரை கையிலேயே நின்றுவிட்டது. "என்னாச்சு அத்தே, தலை சுத்துதா?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ காயவை" என்றேன். பெங்களூர் அடுகோடியில் நான் பதினோரு வருஷம் பெருக்கித் துடைத்த கம்ப்யூட்டர் ரூமின் வாசனை அது. அவளிடம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அடுப்பில் ஒன்றும் இல்லைதானே.

லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே இரும்பு கடைகிற சத்தம், மேலே ஏ.சி. குளிர். சீரியல் தொடங்கும் முன் அதன் பேர் சுழன்று, மின்னி, வந்து நிற்குமே, அதைச் செய்கிற இடம். 'காணத் தவறாதீர்கள்' என்று நடுநடுவே காட்டும் முன்னோட்டத் துண்டுகளும் அங்கேதான் தயாராகும். அதை ப்ரோமோ என்பார்கள். எழுத்தை ஓடவிட்டு, அதைக் கம்ப்யூட்டர் படமாகக் கோத்து முடிக்க மணிக்கணக்காகும். அதற்கு ரெண்டர் என்று பேர். "ரெண்டர் போட்டாச்சு, யாரும் ஒயரைத் தொடாதீங்க" என்று சாயங்காலம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அதை உலை வைத்தாச்சு என்பேன். காலையில் நான் கதவைத் திறக்கும்போது மெஷின்கள் கொதித்துப்போய் அந்த வாசனையை விட்டுக்கொண்டிருக்கும். வெந்ததா, அடிபிடித்ததா என்று பத்து மணிக்கு வருகிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரைக்கெல்லாம் போய்விடுவேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. திரைகளுக்கு ஒரு துணி, மேஜைக்கு ஒரு துணி, கீபோர்டு இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். முதலாளி மங்களூர்க்காரர். "அக்கா வர்றது தெரிஞ்சா தூசி தானே எழுந்து ஓடுது" என்பார். நான் சிரிக்க மாட்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அ, ஆ தெரியும். கா, கி தெரியும். அதற்கு மேல் எழுத்து என்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த ஆபீசில் நான் படித்தவள். போண்டா கட்டி வரும் தமிழ்ப் பேப்பரை மேஜையில் விரித்து, போட்டோவைப் பார்த்தே சேதி சொல்லுவேன். "இவனுக்குக் கல்யாணமாம்." "சேலம் பக்கம் பஸ் கவுந்துச்சாம்." எல்லோரும் நம்புவார்கள். அங்கே தமிழ் பேசாதவர் கிடையாது, பெங்களூர் அல்லவா. தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. என்னைப் பிடிக்க ஆளே இல்லாமல் நான் வாழ்ந்தேன்.

சைலஜாவும் நம்பினாள். துமகூர்ப் பெண், இருபத்து நாலு வயதிருக்கும். மத்தியானம் அவள் டப்பாவின் சித்ரான்னம் எனக்கு, என் டப்பாவின் கத்தரிக்காய்க் குழம்பு அவளுக்கு. எழுத்துக்கு உயிர் கொடுக்கிற கை அவளுக்கு. மற்றவர்கள் செய்தால் எழுத்து ஓடும், இவள் செய்தால் நடந்து வரும். மூன்று வருஷமாக அவள் செய்தது எல்லாமே ஆபீஸ் பேரில்தான் போனது.

"எங்க அப்பா நம்பவே மாட்டேங்கறார் அக்கா. டிவியில வேலைன்னா டிவியில தெரியணும்தானே, உன்னை எங்கே காணோம்னு கேக்கறார்."

"நீ எதுக்குத் தெரியணும்? பேர் தெரிஞ்சாப் போதும்."

"அதுவும்தான் இல்லையே அக்கா."

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய சீரியல் வந்தது. 'பொன்னம்மாள் குடும்பம்'. முதலாளி அவளைக் கூப்பிட்டு, இதை நீ தனியாகச் செய், நன்றாக வந்தால் சீரியல் முடிகிறபோது பேர்கள் வருகிற கடைசி கார்டில் உன் பேரைப் போடச் சொல்கிறேன் என்றார். உடனே கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அப்பாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். அன்று சித்ரான்னம் முழுவதும் எனக்கே.

பேரை சென்னையில் ஓர் ஓவியர் பிரஷ்ஷால் எழுதியிருந்தார். அசல் கூரியரில் வரத் தாமதமானதால் பேக்ஸில் அனுப்பினார்கள். எங்கள் பேக்ஸ் மெஷினோ கிழம். தாள் முழுக்க மிளகைப் பொடித்துத் தூவினமாதிரி கறுப்புப் பொட்டுகள். சைலஜா அந்தத் தாளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மேஜை துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்க. இந்த சுக்கியெல்லாம் எழுத்தோட சேர்ந்ததா, இல்ல பேக்ஸ்ல வந்த கசடா?"

சுக்கி என்றால் கன்னடத்தில் புள்ளி. வார்த்தையையே எடுத்து என் கையில் கொடுத்தாள் பாவம். திரையில் நூறு புள்ளி இருந்தது. அதில் எது எழுத்தின் புள்ளி, எது அழுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா எழுதும் கடிதங்களில் புள்ளியே இருக்காது. பட்டாளத்துச் சமையலறையில் அவசரமாக எழுதுகிறவர். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது சாக்குதான், எனக்குத் தெரியும். "தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூசும்மா. தொடச்சுடு" என்றேன்.

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். தூசி எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நான் தரை துடைப்பதைப் போலவே, ஒரு மூலை விடாமல்.

இரண்டு நாள் உழைத்தாள். பொன் நிறத்தில் ஒவ்வொரு எழுத்தும் கதவு திறப்பதுபோல் திறந்து, கடைசியில் எல்லாம் ஒரே வீடாகச் சேர்ந்து நின்றது. "சரியா இருக்கா அக்கா?" என்று மறுபடியும் கேட்டாள். பொட்டு வைக்க மறந்த முகம்போல எனக்கு என்னவோ பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "ஜோரா இருக்கு" என்றேன். அன்று சாயங்காலமே டேப் ரயிலேறியது. சென்னையில் யாருக்கும் போட்டுப் பார்க்க நேரமில்லை. நேரே ஒளிபரப்பிவிட்டார்கள்.

மறுநாள் போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். "பொனனமமாள குடுமபம" என்று அந்தப் பக்கத்து ஆள் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "ஊரே சிரிக்குது சார். புது சீரியல், ஆரம்பமே மூளியாப் போச்சு." மூளி என்ற சொல் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரிந்தது.

"யாரைக் கேட்டுப் பண்ணினே?" என்றார் முதலாளி.

சைலஜா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. கீபோர்டையே பார்த்துக்கொண்டு, "யாரையும் கேக்கல சார். நானா தூசின்னு நினைச்சேன்" என்றாள். அன்று சிரித்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது இல்லை. துடைக்க எனக்கு ஆயிரம் வீடு இருந்தது. படிக்கத் தெரியாதவள் என்று அந்த நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான்.

மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். மறந்து வைத்துவிட்டுப் போன டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் ஓடிப்போய்க் கொடுத்தேன். வழியை விடாமல் நின்றேன். அவளே டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "விடுங்க அக்கா. உங்க வேலையை நான் செஞ்சேன், என் வேலையை நீங்க செஞ்சீங்க. ரெண்டு பேருக்கும் வரல, அவ்ளோதான்." லேசாகச் சிரித்தாள். லேத் சத்தத்தில் அதற்கு மேல் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

அசல் தாள் வந்ததும் வேறொருவர் புள்ளிகளை வைத்தார். அவள் செய்த வீடு அப்படியே இருந்தது. ஐந்து புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து இறங்கி எழுத்துகள்மேல் உட்கார்ந்தன. அழகு என்று சென்னையிலிருந்து பாராட்டினார்களாம். மூன்று வருஷம் ஓடியது அந்த சீரியல். கடைசி கார்டில் அந்த வேறொருவர் பேர்.

பக்கத்துத் தெருத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்பத்தேழு வயதில் நான் படிக்க உட்கார்ந்தேன். வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இதையும் நானேதான் எழுதுகிறேன். வரி முடிந்ததும் திரும்பிப் போய், புள்ளி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பூத்துக்காரரிடம் துமகூர் நம்பரைக் கேட்டுப் பார்த்தேன். அதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள் என்றார்.

இப்போது பூத்தும் இல்லை, பட்டறையும் இல்லை. அந்த மாடி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பேக்ஸ் என்றால் பேரன் என்ன அது என்கிறான். சீரியலை அவன் போனிலேயே பார்க்கிறான். முகப்பு எழுத்து வந்தால் தாண்டிப்போக அதிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து ஒருத்தி செய்திருப்பாளே என்று சொன்னால், "கதைதானே பாட்டி முக்கியம்" என்கிறான்.

நான் டிவியிலேயே பார்க்கிறேன். எந்தத் தமிழ் சீரியலாக இருந்தாலும் கடைசிவரை எழுந்திருக்க மாட்டேன். பேர்கள் வருகிற நேரத்தில் படம் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது, எறும்பு வரிசைபோல விறுவிறுவென்று மேலே ஏறுகின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். நேற்று 'சை' என்று ஒரு பேர் தொடங்கியது. அடுத்த எழுத்தைக் கூட்டுவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.