டிரான்ஸ்பார்மர் கம்பெனி கிடார்

விலை குறைந்த எலக்ட்ரிக் கிடாரைப் பற்றி இப்போது ஆளாளுக்கு உருகுகிறார்கள். அதற்கென்று ஒரு குணம் உண்டாம், ஆன்மா உண்டாம். நல்லது. தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தாவில் செய்து பெங்களூரில் விற்ற ஒரு கிடாரை வாங்கி வாசித்தவன் நான். அதற்கு ஆன்மா இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இரைச்சல் இருந்தது.

கடைக்காரர் அதைச் சுவரிலிருந்து இறக்கும்போதே, “ஃபாரின் மாடல் சார்” என்றார். பொய் இல்லை. வெளிநாட்டுக் கிடாரின் போட்டோவை யாரோ ஒருமுறை பார்த்து, ஊருக்கு வந்து, ஞாபகத்தில் இருந்த வரைக்கும் செய்த மாடல். கழுத்துக்கட்டைக்கும் கம்பிகளுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். ஒரு கம்பியை அழுத்தி ஒரு சத்தம் எடுப்பதற்குள் விரல் நுனியில் பள்ளம் விழும். முறுக்காணியைத் திருகிச் சுருதி ஏற்றினால், பாட்டு பாதி போகும்போது அது தானாக இறங்கி நிற்கும். இதையெல்லாம் மீறி நான் அதை வாசித்தேன், தினமும் வாசித்தேன், பிடித்துத்தான் வாசித்தேன். கோபம் வருகிற பொருள் மேல்தான் எனக்கு ஆசை வரும். என்ன செய்வது, அப்படிப் பிறந்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் வேலை. ஸ்டெபிலைசர், டேப் ரெக்கார்டர் இதற்கெல்லாம் உள்ளே போகிற சின்ன டிரான்ஸ்பார்மர்கள். எனாமல் பூசிய செம்புக் கம்பியை மெஷினில் சுற்றிச் சுற்றிக் காயில் செய்வது என் பிரிவு. தங்கியிருந்தது ஜீவனஹள்ளியில், அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் கலைஞன்.

காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் எங்கள் பேண்ட். அந்த வீட்டுப் பையன்தான் லீடர், பாடகன், முதல் கிடார். அவன் மாமா குவைத்திலிருந்து ஒரு நிஜமான வெளிநாட்டுக் கிடார் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பேண்டுக்கு லீடராக அந்தத் தகுதி போதும். டிரம்மருக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. பேஸ் வாசிப்பவன் ஒருவன் இருந்தான், அவன் வாயே திறக்க மாட்டான், அதனால் அவனோடு எனக்குச் சண்டை வந்ததில்லை. இரண்டாவது கிடார் நான்.

நாங்கள் ராக் பேண்ட். ஷெட் சுவரில் பெயிண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. வாரா வாரம் இங்கிலீஷ் பாட்டு பிராக்டிஸ் செய்வோம். ஆனால் மேடை கிடைப்பது பிள்ளையார் சதுர்த்திக்கும், நவம்பரில் கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கும். இரண்டிலும் கன்னட சினிமாப் பாட்டு. வாசிப்பவர்கள் தமிழர்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், எல்லோரும் சேர்ந்து சிவப்பு மஞ்சள் கொடிக்குக் கீழே கன்னடப் பாட்டுக்குக் கை தட்டுவோம். காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலவரம் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கூச்சப்படுகிற வசதி எங்களுக்கு இல்லை.

அந்த வருஷம் ராஜ்யோத்சவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கிடார் பேசியது.

பிராக்டிஸ் நடுவில் பாட்டை நிறுத்தினோம். சத்தம் நிற்கவில்லை. என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு பெண் குரல், தெளிவான கன்னடத்தில், ராகிப் பயிருக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரேடியோ எதுவும் அந்த ஷெட்டில் இல்லை. என் கிடாரின் பிக்கப், அதாவது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தமும் காயிலும் சேர்ந்த டப்பா, கம்பியின் அதிர்வைப் பிடிப்பதற்குப் பதில் வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டது.

டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “விடு மச்சா. நம்ம பேண்ட்ல சுத்தமா கன்னடம் பேசறது இது ஒண்ணுதான்.”

லீடர் சிரிக்கவில்லை. “இத எடுத்துட்டு நீ ஸ்டேஜ் ஏற முடியாது.”

“ஏன்?”

“ஏனா? ‘கன்னட தாயே’ன்னு நான் பாட ஆரம்பிக்கும்போது இது யூரியா வெல சொல்லும். கன்னட சங்கத்துக்காரங்க என்னத்தான் உதைப்பாங்க. ஒழுங்கா ஒரு கிடார் கொண்டா. இல்லன்னா இந்த தடவ என் கசின் வாசிக்கட்டும்.”

“வேற கிடார் வாங்க எங்கிட்ட ஏது?”

“அது என் பிராப்ளமா குரு?”

இல்லைதான். அவனுக்கு மாமா இருந்தார், குவைத் இருந்தது. எனக்கு அக்கா இருந்தாள், பொம்மசந்திரா இருந்தது. அந்த மேடையில் நான் நிற்க வேண்டுமென்றால் இந்தக் கட்டையைத்தான் கிடாராக்க வேண்டும்.

முதலில் உயரம். கிடாரின் தலைப்பக்கம் கம்பிகள் படிந்து போவதற்கு ஒரு சின்னத் துண்டு உண்டு. என்னுடையதில் அது பக்கெட் பிளாஸ்டிக். நல்ல கிடாரில் எலும்பில் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சிவாஜிநகரில் கறிக்கடைக்குப் போனேன்.

“எலும்பா? சூப்புக்கா?” என்றார் கடைக்கார பாய்.

“இல்ல பாய், கிடாருக்கு.”

“எத்தினி பேரு சாப்புடுவீங்க?”

விளக்கவில்லை. நாலு பேர் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். அதைக் குக்கரில் போட்டுக் கொழுப்பு போகும் வரை வேகவைத்தேன். அக்கா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே மூக்கை இழுத்தாள்.

“என்னடா, இன்னிக்கு என்ன விசேஷம்?”

“ஒண்ணும் இல்லக்கா. ரசந்தான்.”

குக்கரைத் திறந்து பார்த்தாள். “வீடு பூரா எலும்பு வாசன, தட்டுல ரசமா? கிரைண்டர் பெல்ட் அறுந்து ஒரு மாசம் ஆகுது, அத பாக்க உனக்கு நேரமில்ல. செத்த மாட்டோட எலும்பத் தேய்க்க நேரம் இருக்கு.”

கிரைண்டர் மேடை ஏறப் போவதில்லை என்று சொன்னேன். அன்று எனக்கு ரசமும் கிடைக்கவில்லை.

எலும்பைத் தேய்த்து, அரம் பிடித்துக் காடி வெட்டி உட்கார வைத்ததும் கம்பிகள் கீழே இறங்கின. இறங்கியதும் புதுப் பிரச்சனை. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் தகடுகள் ஒன்று உயரம், ஒன்று குள்ளம். கம்பி எல்லாவற்றிலும் இடித்துக் கடகடவென்றது. கல்கத்தாவில் அந்த அண்ணன்மார்கள் கம்பியை அவ்வளவு உயரத்தில் கட்டியதற்கு இதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. குப்பையை மறைக்க மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். நேரான இரும்புப் பட்டையில் எமரித் தாள் ஒட்டி, சனி ஞாயிறு உட்கார்ந்து எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்கு இழைத்தேன். கையோடு முறுக்காணிகளையும் நழுவாமல் இறுக்கினேன். கிடார் முதன்முறையாக விரலுக்குப் பணிந்தது. வாசித்துக்கொண்டே இருந்தேன். ராகி அம்மாள் மட்டும் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

அவரை வெளியேற்றுவது என் தொழில். டிரான்ஸ்பார்மருக்குள் இரைச்சல் தாண்டாமல் இருக்க மெல்லிய செம்புத் தகடு சுற்றுவோம். ஸ்கிராப் தொட்டியிலிருந்து அந்தத் தகடைக் கேட்டு வாங்கினேன். கேட்டுத்தான் வாங்கினேன், கதை எழுதுகிறவர்கள் இங்கே வேறு மாதிரி எழுதுவார்கள். கிடாரின் வயிற்றுக்குள் முழுக்க ஒட்டினேன். அப்புறம் பிக்கப்பைக் கழற்றிக் கம்பெனிக்கே கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, தலைமுடியை விட மெல்லிய கம்பியில் மெஷினில் புதிதாகச் சுற்றினேன்.

பாதி டிபார்ட்மெண்ட் சுற்றி நின்றது. சூப்பர்வைசர் வந்தார். ஆனேக்கல்காரர், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

“ஏனப்பா இது? யார் ஆர்டரு?”

“கிடார் சார். பிக்கப்.”

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “வைண்டிங் சென்னாகிதே, நல்லாருக்கு. சுத்தினது எல்லாம் சரி, வார்னிஷ் யாரு போடறது?”

இங்கேதான் நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து முட்டாள் ஆனோம். எங்கள் கம்பெனியில் சுற்றிய எதையும் வார்னிஷில் முக்கி, ஓவனில் வேகவைத்து எடுக்காமல் வாசல் தாண்ட விடமாட்டோம். வேகாத காயில் என்று ஒன்று எங்கள் புத்தியிலேயே கிடையாது. குழந்தை பிறந்தால் குளிப்பாட்டுவது மாதிரி. அதனால் என் பிக்கப்பையும் ஒருவன் வார்னிஷில் முக்கினான், ஒருவன் சொட்ட வைத்தான், ஒருவன் அன்றைய டிரான்ஸ்பார்மர்களோடு தட்டில் அடுக்கி ஓவனுக்குள் தள்ளினான். பரிசோதனைப் பிரிவுக்காரர், வெந்து வந்ததும் தானே இன்சுலேஷன் டெஸ்ட் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தார். இத்தனை வருஷ அனுபவம் உள்ள இத்தனை பேரில், அந்தக் காயில் எந்தப் பொருளின் மேல் சுற்றியிருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எங்கள் காயில்கள் எல்லாம் பேக்லைட்டில் சுற்றியவை. எவ்வளவு சூட்டுக்கும் அசையாது. கிடார் பிக்கப் சோப்பு டப்பா பிளாஸ்டிக்.

தட்டை இழுத்தபோது என் பிக்கப் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து, பக்கத்து டிரான்ஸ்பார்மர் மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

“வார்னிஷ் மட்டும் நல்லா புடிச்சிருக்கு,” என்றார்.

நான் அவரைத் திட்ட வாய் திறந்தேன். வேலை ஞாபகம் வந்தது, ஓவனைத் திட்டினேன்.

ராஜ்யோத்சவத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பிக்கப் இல்லாத கிடார் வெறும் பலகை. தனியாக பிக்கப் விற்கும் கடை ஊரிலேயே கிடையாது. அக்காவிடம் சொன்னேன். அவள், “நீயே வேகவெச்ச, நீயே சாப்புடு” என்றாள். ஆறுதல் சொல்வதில் எங்கள் குடும்பம் அப்படி.

மறுநாள் அதே சூப்பர்வைசர் ஒரு பேக்லைட் தகடை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். அளவெடுத்து அறுத்து, காந்தங்களை எரிந்த பிணத்திலிருந்து பிடுங்கிப் பதித்து, மறுபடி சுற்றினேன். மறுபடி வார்னிஷ், மறுபடி ஓவன். இந்தத் தடவை எல்லோரும் ஓவன் வாசலிலேயே நின்றார்கள், பிரசவ வார்டு மாதிரி. அசையாமல், பழுப்பாக, பளபளவென்று வந்தது. பரிசோதனைக்காரர் சொன்னபடி டெஸ்ட் செய்து ‘பாஸ்’ ஸ்டிக்கரும் ஒட்டினார். உடம்பெல்லாம் சுரண்டி அசிங்கமாக இருந்த கிடாருக்கு பெயிண்ட் பிரிவில் மிச்சம் இருந்ததை அடித்துக்கொடுத்தார்கள். டிரான்ஸ்பார்மர் சாம்பல் நிறம். வேறு நிறம் எங்கள் கம்பெனியில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் நுழைந்ததும் டிரம்மர் எழுந்து நின்றான். “கரண்ட் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்துட்டாங்க. மீட்டர் எங்கன்னு காட்டுங்கப்பா.”

வயரைச் செருகினேன். சத்தமே இல்லை. லீடர் வந்து ஆம்ப்ளிஃபையர் சுவிட்சைப் பார்த்தான். “ஆன் பண்ணலயா?”

“ஆன்லதான் இருக்கு.”

ஒரு கம்பியைத் தட்டினேன். வார்னிஷில் வெந்து இறுகிய காயில், நான் அடித்ததை மட்டும், அடித்த கணத்தில், கெட்டியாகக் கொடுத்தது. லீடர் கை நீட்டினான். கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் கண்ணைத் திறந்தான்.

“மச்சா, சூப்பரா பண்ணியிருக்க. ஒண்ணு பண்ணலாம். ஷோவுக்கு இத நான் வாசிக்கறேன். என்னுத கசின் வாசிக்கட்டும். நீ சவுண்டு பக்கம் நில்லு. எதாச்சும் கெட்டுப்போனா ரிப்பேருக்கு ஆள் வேணும்ல?”

கிடார் ஒழுங்காக இல்லாதபோது நான் மேடை ஏறக் கூடாது. கிடார் ஒழுங்கானதும் கிடார் மட்டும் ஏறலாம். வயரைப் பிடுங்கினேன்.

“இது மேடைக்கு வந்தா நானும் வருவேன். நான் வரலன்னா இதுவும் வராது. நீ ரிப்பேருக்கு உன் மாமாவ குவைத்லேர்ந்து வரச்சொல்லு.”

“சும்னே கோவப்படாத குரு.”

“கோவம் சும்னே வரல.”

டிரம்மர் குறுக்கே வந்தான். “டேய், உன் கசினுக்கு ஒரே ஒரு கன்னடப் பாட்டு தெரியுமா? அங்க போய் இங்கிலீஷ் பாட்டுக்கு வாசிச்சான்னா நம்ம மூணு பேரும் ஆஸ்பத்திரில. இவன்தான் எல்லாப் பாட்டும் பஸ்ல கேட்டு வெச்சிருக்கான். போய்ட்டு வரட்டும் விடு.”

ஓசூர் ரோடு கம்பெனி பஸ் டிரைவரின் டேப் ரெக்கார்டர்தான் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. திறமைக்கு மதிப்பு உண்டு என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ராஜ்யோத்சவ மேடை முழுக்க சீரியல் பல்பு. அது மின்னுகிற ஒவ்வொரு தடவையும் குவைத் கிடார் ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. லீடர் அதை மாற்றி மாற்றித் திருகினான். என்னுடையது ஊமை மாதிரி நின்றது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் நடுவில் கிடார் மட்டும் வாசிக்கும் துண்டு ஒன்று, என்னுடையது. முன்னால் வந்து நின்றேன். பெருமையோடு நின்றேன். ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்து ஆரம்பித்தேன். முழுத் துண்டும் ஒரு படி மேலே, சுத்தமாக, கணீரென்று, இரைச்சல் எதுவும் இல்லாமல் தப்பாகப் போனது. பழைய பிக்கப்பாக இருந்தால் பாதி அந்த இரைச்சலில் மறைந்திருக்கும். முன் வரிசையில் கடலெபுரி என்கிற பொரியைத் தின்றுகொண்டிருந்த பெரியவர் கையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் லீடர் என்னைப் பிடித்தான்.

“ரெண்டாவது பாட்டுல என்னடா ஆச்சு?”

“அது, கிடார்ல…” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். கிடாரில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிட்டேன். “நான்தான். தள்ளிப் புடிச்சிட்டேன்.”

“தெரியுது. காது எனக்கும் இருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வா. அந்த பிட்ட மட்டும் வாசி. கை தானா போற வரைக்கும் வாசி. புரியுதா? அடுத்த ஷோவுல இப்படி மானத்த வாங்கின, அவ்ளோதான்.”

“எட்டு மணிக்கு வரட்டா?”

“ஏழரைக்கு வா.”

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே போய் நின்றேன். அவன் பிரஷ்ஷும் வாயுமாக வந்து ஷெட்டைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் போனான். நான் வயரைச் செருகினேன்.