தொண்ணூற்றெட்டாவது கோலி

காலையில் காப்பி குடித்துவிட்டு லோரியில் ஏறப் போன அப்பா படியிலேயே சரிந்து விழுந்தார். வாதம் அடித்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெம்பான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடவே இல்லை; சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கை வராவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும் என்று அம்மா சித்திக்கு வாட்ஸ்அப்பில் அழுததை நான் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அம்மா பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் சொங்காக் ஒன்று வாங்கி வந்தார். நம் பல்லாங்குழிதான், சோழிக்குப் பதில் கண்ணாடிக் கோலிகள். அப்பா தினமும் என்னோடு ஆட வேண்டும், அதுவும் வலது கையால் மட்டும். அம்மா அவர் உள்ளங்கையில் கோலிகளை வைப்பார், அவர் கையைச் சாய்ப்பார். பாதி குழியில் விழும், பாதி வீடெல்லாம் ஓடும்.

"என் கை மெடிக்கல் லீவுல இருக்கு லா," என்று அப்பா குழறுவார்.

"லீவெல்லாம் முடிஞ்சிருச்சு. போடுங்க."

ஆட்டம் முடிந்ததும் நான் எண்ணுவேன். யாரும் சொல்லி அல்ல. தவழ்கிற தம்பி ஒன்றை விழுங்கிவிட்டால்? மொத்தம் தொண்ணூற்றெட்டு இருக்க வேண்டும்.

அன்று அப்பாவிடம் நாற்பத்தொன்பது, என்னிடம் நாற்பத்தெட்டு. தோற்றதுகூட உறைக்கவில்லை. ஒன்று குறைகிறது!

"அம்மா! தம்பி முழுங்கிட்டான்!"

அம்மா தம்பியைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். வாய்க்குள் விரலை விட்டார். அவன் வீறிட்டான். பக்கத்து வீட்டு மாமா கார் சாவியோடு ஓடி வந்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! கிளினிக்குப் போயிரலாம்!"

"இங்க... இங்க..." அப்பாவின் குரல் அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் கைலிக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். கை மூடியிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, மெல்ல விரிந்தன. உள்ளே கோலி.

"அவ குழியில போட வேண்டியது. அமுக்கிட்டேன்."

"கள்ள ஆட்டம்! அப்பா கள்ள ஆட்டம்!" என்று கத்தினேன். அடுத்தவர் அழிரப்பரை எடுத்து வந்ததற்கு என் தொடையைச் சிவக்கக் கிள்ளிய அம்மா இவரை என்ன செய்யப் போகிறாரோ என்று பார்த்தேன்.

அம்மா தம்பியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க," என்றார். "இன்னொரு தடவ ஏமாத்துங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா மறுபடியும் கோலியை அமுக்கினார். மாமா கைதட்டினார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பெரியவர்களிடம் நியாயமே கிடையாது என்று பலகையைக் கவிழ்த்துவிட்டு, நான் வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன்.