ஆறு வாரம் காயணும்

சரளாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன கொஞ்சம், அவள் வீட்டு வாசலில் நின்று பேசினால் துறையில் படகு கட்டுகிறவனுக்குக் கேட்கும். பீஜித் தீவில் சவுசவு என்கிற சின்ன ஊருக்கு வருகிற பாய்மரப் படகுக்காரர்களுக்குத் துணி துவைத்துக் கொடுப்பது அவள் தொழில். உப்பேறி விறைத்த துண்டுகளும் மீன் வாடையடிக்கிற கால்சட்டைகளும் மூட்டை மூட்டையாக வரும். "கடல்லயே கெடக்குறானுங்க, ஒரு முக்கு முக்கி எடுத்தா என்னவாம்?" என்று திட்டிக்கொண்டே துவைப்பாள். ஆனால் அவளிடம் கொடுத்த துணியில் ஒரு பொத்தான் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

அவள் கணவர் நாகையா நேர் எதிர். முப்பது வருஷமாகக் கொப்பரை மில்லில் உலர்த்துகிற சூளையைப் பார்த்துக்கொள்கிற வேலை. பத்துக் கேள்விக்கு ஒரு 'ம்' வரும். மகன் விகாஷோடும் தங்களுக்குள்ளும் அவர்கள் பேசுவது ஹிந்தியில். பீஜியில் நம் ஆட்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டது. சண்டை மட்டும் தமிழில். பையனுக்குப் புரியக்கூடாது என்று ஆரம்பித்த பழக்கம். பையன் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய் வருஷங்கள் ஆகியும், சண்டை என்று வந்தால் இன்னும் தமிழ்தான்.

அந்தச் சண்டைகளில் பாதி, கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பழுப்புப் பெட்டியைப் பற்றியது. எண்பத்தேழில், தலைநகர் சுவாவில், நம் ஆட்கள் கை ஓங்கின ஆட்சி பிடிக்காமல் பட்டாளத்துக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்த வாரம், நாகையா கடைக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். எதையோ அடுக்கினார், பூட்டினார், சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அந்த வருஷமே தெருவில் பல வீடுகள் காலி. கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார்கள். இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகம். அந்தத் தடவை பட்டப்பகலில் நாலு பேர் வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், மரவள்ளியைப் பிடுங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பீஜிக்காரி மேரே, சரளாவைத் தன் வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு தான் உட்கார்ந்தாள். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தாள், புண்ணியவதி.

அடுத்த வருஷம் விகாஷ் போனான். சரளாவின் தங்கைகள் இருவரும் போனார்கள். "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்காத ஆள் இல்லை. "ஏன், நான் இருந்தா உனக்கு எங்க இடிக்குது?" என்பாள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் பெட்டி, உங்கள் பயம், எனக்கென்ன என்று, கூட்டுகிறபோது விளக்குமாற்றால் ஒரு இடி இடிப்பதோடு சரி.

இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் ஒரு பெருமழை. மழை விட்டதும் நண்டு பிடிக்கலாம் என்று, வீட்டோரத்து ஓடை கடலில் சேருகிற இடத்துக் கண்டல் மரங்களுக்கு நடுவே சேற்றில் இறங்கினாள். வேரில் ஒரு ஷாம்பு பாட்டில் சிக்கிக் கிடந்தது. சனியன், எங்கே பார்த்தாலும் இதுதான் என்று பிடுங்கி எறியப் போனவள், திருப்பிப் பார்த்தாள். ஆணியால் கீறிய எழுத்து. 'விகாஷ். தொடாதே.'

அவன் கீறியதுதான். ஊரை விட்டுப் போகிற வருஷம் முடியை வளர்த்துவிட்டுக்கொண்டு, அதற்கென்று தனியாக ஒரு பாட்டில் வாங்கி, அம்மா எடுத்துவிடுகிறாள் என்று பேரைக் கீறி வைத்தான். காலியானதும் அதை ஓடையில் விட்டெறிந்தது சரளாவேதான். எல்லாரும் அங்கேதானே எறிகிறார்கள்!

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவனே போயிட்டான், நீ போகலையா?" என்று பாட்டிலைப் பார்த்துக் கேட்டாள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை பாட்டில் எறிந்திருப்பாள்! ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. மிச்சமெல்லாம் எந்த வேரில், எந்த மீன் வயிற்றில் கிடக்கிறதோ? அன்றோடு பாட்டில் வாங்குவதை விட்டாள். துணி சோப்பைப் போட்டுத் தலை குளித்தாள். முடி தேங்காய் நாராகிவிட்டது; சீப்பு உள்ளே போனால் வெளியே வர மறுத்தது.

ஜூன் மாதம் ஒரு படகு மூட்டையில், துண்டுக்குள் சுருட்டினபடி உருண்டையாக ஒரு கட்டி கிடைத்தது. சோப்புதான் என்று சட்டைக் காலரெல்லாம் அதில் தேய்த்துவிட்டாள். துணி வாங்க வந்த வெள்ளைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். வெளுத்த முடியை இடுப்பு வரை தொங்கவிட்டவள். தனியாளாகக் கடல் சுற்றுகிறவள். "சரளா, அது என் தலைக்கு! ஷாம்பு. பாட்டில் இல்லாத ஷாம்பு."

பாட்டில் இல்லாத ஷாம்பு! சரளா அவளை லேசில் விடுவாளா? கடையில் விற்கிற கட்டி வேறு ஏதோ மருந்தெல்லாம் போட்டது, நீ தேங்காய் எண்ணெயிலேயே செய்து பார் என்று சொல்லி, அந்தப் பெண்ணே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு எண்ணெய்க்கு இவ்வளவு காஸ்டிக் சோடா. தண்ணீருக்குள்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் மூஞ்சியில் வெடிக்கும். கெட்டியாகிற வரை கிண்டு, மரப்பெட்டியில் ஊற்று, மறுநாள் வெட்டு. அப்புறம் காற்றோட்டமாக அடுக்கி ஆறு வாரம் காயவிடு. தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசு, பிசுக்கு போய்விடும்.

நாகையா மில்லிலிருந்து எண்ணெய் வாங்கி வந்தார். அவருக்கு ஆறு வாரமெல்லாம் நம்பிக்கை இல்லை. கொப்பரையே அஞ்சு நாளில் காய்கிறது, இதென்ன பிரமாதம் என்று இரண்டாவது வாரமே ஒரு கட்டியை எடுத்துத் தலையில் தேய்த்துவிட்டு, "ஐயோ எரியுதே!" என்று முற்றத்தில் குதித்தார். வெந்த மண்டையோடு நாலு நாள் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்தான், ஒரு நாள் குறையாது.

சரளாவும் ஒரு கூத்து செய்தாள். முதல் காரியமாயிற்றே, மங்களமாக இருக்கட்டும் என்று எண்ணெயில் இரண்டு கை மஞ்சளை அள்ளிப் போட்டாள். நம் கறுப்பு முடிக்கு அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து வெள்ளைக்காரிக்கு ஆசையாக இரண்டு கட்டி கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் அவள் சந்தையில் சரளாவின் முன்னால் வந்து நின்றாள், தலை முழுக்கப் பூசணிப்பூ நிறம். மார்க்கெட்டில் கீரை விற்கிற ஹவ்வா சிரித்த சிரிப்பில் தராசு கீழே விழுந்தது. சரளாவுக்கு உயிரே போய்விட்டது. வெளுத்த முடி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை! ஆனால் வெள்ளைக்காரி திட்டவில்லை. "சரளா, இது உப்புத் தண்ணியில நுரைக்குது தெரியுமா? கடல் தண்ணியில! வேற எதுவும் நுரைக்காது. மஞ்சள் போடாம இருபது குடு" என்றாள்.

படகுக்குப் படகு சேதி போய்விட்டது. நல்ல தண்ணீர் அரிதான இடத்தில் கடல் நீரில் நுரைக்கிற கட்டி என்றால் சும்மாவா? சவுசவுவில் சரளாவைத் துணிக்காரி என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் முதல் தடவையாக ஒருவன் வாசலில் வந்து நின்று, "சோப்பு செய்யிற சரளா வீடு இதுவா?" என்று கேட்டான். அன்றைக்கெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை.

டிசம்பரில் மறுபடியும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. ரேடியோ கேட்ட கையோடு நாகையா கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்தார். விகாஷ் தினமும் போன் போட்டான். அம்மா, போதும், இந்தத் தடவை வந்துதான் ஆகணும் என்றான். மார்ச்சில் நியூசிலாந்திலிருந்து, அங்கே குடியேறுவதற்கான அனுமதிக் காகிதம் வந்தது. ஜூன் முடிவதற்குள் போய் இறங்க வேண்டும், தவறினால் செல்லாது. விகாஷ் ஜூன் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

ஊருக்கெல்லாம் பேசுகிற சரளா இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகன் முகத்தைப் பார்க்க ஆசை இல்லாமலா? ஆனால் அங்கே போனால் அவள் யார்? விகாஷின் அம்மா, அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்லி, நாளைக்கே மறுபடி ஆட்கள் வந்து நாகையாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பழியை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு மாதம் இதையே மென்று முழுங்கினாள்.

மே பதினான்காம் தேதி நாகையா வேலை முடிந்து வந்தபோது, சரளா கிண்டி முடித்து மரப்பெட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரிய பெட்டி. எழுபது, எண்பது கட்டி வரும்.

"என்னா இது?"

"எண்ணெ மிச்சம் இருந்திச்சு. வீணாப் போவுதேன்னு..."

நாகையா விரலை மடக்கினார். காய்கிற கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "மே பதினாலு. ஆறு வாரம்னா ஜூன் இருவத்தஞ்சு. பதினெட்டு அன்னிக்கு நாம பிளேன்ல இருக்கணும்." அவளைப் பார்த்தார். "இத யாரு எடுக்கப் போறா, சரளா?"

அவள் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. சத்தியமாகப் போடவில்லை. அகப்பையைப் பிடித்த கையைப் பார்த்தாள். வாய் இரண்டு மாதமாகச் சொல்லாததைக் கை சொல்லிவிட்டிருந்தது.

"நான் வரல, விகாஷ் அப்பா" என்றாள். தமிழில்தான். "நீங்க போயிட்டு வாங்க. எத்தன வாட்டி பயந்து சாவுறது? யாரு வந்தாலும், யாரு போனாலும், என் வீட்டுல நான் இருக்கேன். புள்ள மேல உசிருதான். ஆனா நான் வரல."

சொல்லிவிட்டுக் கத்தலுக்குக் காத்திருந்தாள். நாகையா உள்ளே போனார். கட்டிலடியில் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஐயோ, தனியாகவே கிளம்பிவிட்டாரா! ஓடிப்போய்ப் பார்த்தாள்.

பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவளுடைய கல்யாணப் புடவை. காணாமல் போய்விட்டது என்று அவள் தங்கையோடு சண்டை போட்ட புடவை. அவளுடைய பிறப்புச் சான்றிதழ். குளிர் ஊருக்கு ஆகும் என்று அவள் அளவுக்கு வாங்கின ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு நாளும் போடாதது. எட்டு வயசு விகாஷின் சட்டை மூன்று. அவ்வளவுதான். அவருடைய சட்டை ஒன்றுகூட இல்லை.

"ஒங்களுது எங்க?" என்றாள்.

"நான் எங்க போறது? ஒங்க ரெண்டு பேரையும் ஏத்தி வுடணும்னுதான் அன்னிக்கு அடுக்குனேன்." புடவையை மடித்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ மேரே வீட்டுல இருந்தியே, அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு எறங்கல. இருவது வருசமா பயந்துட்டேன் சரளா. நீ பயப்படலன்னா எனக்கும் போதும்."

அந்த வீட்டில் தமிழில் சண்டை இல்லாமல் பேசின முதல் பேச்சு அதுதான். சரளா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

விகாஷிடம் அவள்தான் போனில் சொன்னாள். "சரி" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தினம் போட்டவன், ஒரு வாரம் போடவில்லை, இரண்டு வாரம் போடவில்லை. ஜூன் பதினெட்டு வந்தது, போனது. அன்றைக்குச் சரளா பரணில் ஏறிக் கட்டிகளைத் திருப்பி வைத்தாள், நாகையா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். புள்ளையைத் தொலைத்துவிட்டேனோ என்று அவளுக்கு உள்ளுக்குள் அறுத்தது.

இருபத்தைந்தாம் தேதி முதல் கட்டியை இறக்கினாள். ஆணியை எடுத்து, அதன் மேல் 'விகாஷ்' என்று கீறினாள். கீழே 'தொடாதே' என்று எழுதவில்லை. காகிதத்தில் சுற்றித் தபாலில் அனுப்பினாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"அம்மா, கட்டி வந்துச்சு" என்றான் ஹிந்தியில். "குளியலறையில வச்சிருக்கேன். இன்னும் தேய்க்கல."

"ஏண்டா?"

"தேய்ச்சா பேர் அழிஞ்சுடுமே."

சரளா வாசலுக்கு வெளியே பார்த்தாள். ஓடை நிறையத் தண்ணீர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அழியட்டும்டா கண்ணு" என்றாள். "நீ தலைக்குக் குளி. நான் இங்கதான் இருக்கேன், இன்னொண்ணு எழுதி அனுப்புறேன்."