விற்க வைத்த வீட்டின் நாற்றம்

அப்பா செத்து வருஷம் திரும்பியதும் வலங்கைமான் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்பது என்று முடிவானது. செத்து என்றுதான் எழுதுவேன். காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்றெல்லாம் அந்த மனிதருக்கு எழுத என் கை வளையாது. அம்மா தனியாக அங்கே இருந்தாள். தஞ்சாவூருக்கு வந்து உன்னோடு இருந்துகொள்ளட்டுமா என்று என்னிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். தம்பிதான் குறுக்கே நின்றான். "பூட்டிக் கெடக்குற வீட்டை எவன் வாங்குவான்? வித்து முடிக்கிற வரைக்கும் அம்மா இங்கேயே இருக்கட்டும்" என்றான். ஆக, வீடு விற்றால்தான் அம்மாவுக்கு விடுதலை. வீடோ நாறியது.

வாசலைத் தாண்டியதுமே மூக்கில் குத்துவிடுகிற நாற்றம். முதலில் பார்க்க வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொல்லைப்பக்கம்கூடப் போகாமல் கிளம்பிவிட்டார். அடுத்த ஆள் வருவதற்கு முன்னால் நானும் தம்பியும் நாள் முழுக்கப் பாடுபட்டோம். பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், கூடம் கண் தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போட்டோம். பேராவூரணியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"சமீபத்துல இங்க ஏதும் துக்கமாங்க?"

பினாயிலும் புதுச் சுண்ணாம்பும் சாம்பிராணியும் சேர்ந்து அடித்தால் அது பிணம் எடுத்துக் கழுவிவிட்ட வீடு என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் இரண்டு மண்டைகளுக்கும்தான் உறைக்கவில்லை. அவர்கள் காபிகூடச் சாப்பிடாமல் காரில் ஏறிவிட்டார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வாடை போய்விட்டதா என்று நாங்கள் போனில் அம்மாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "ஒன்னுமில்லடி, நல்லாத்தான் இருக்கு" என்பாள். அதை நம்பித்தான் ஆட்களை வரச் சொன்னோம். "வேணும்னே பண்றா, அவளுக்கு விக்க மனசில்ல" என்று தம்பி அவள் எதிரிலேயே கத்தினான். கத்தும்போது அவன் கழுத்து நரம்பு புடைப்பது அச்சு அசல் அப்பா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்னொருவர் வருவதாகச் சொன்னார். அதற்கு முந்தின நாள் நான் போயிருந்தபோது தம்பி கடப்பாரையோடு வந்தான். நாற்றம் பத்தாயத்திலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்திருந்தான். ஆளுயரத்துக்கும் மேலே, உள்ளறையை அடைத்துக்கொண்டு நின்ற மரப்பெட்டி அது. அந்தக் காலத்தில் வருஷத்து நெல்லை அதில்தான் கொட்டிவைப்பார்கள். அறுத்த கையோடு கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட ஆரம்பித்த பிறகு பெருச்சாளிகள்தான் அதற்கு அடியில் குடித்தனம் நடத்தின. அவற்றுக்கு மருந்து வைத்ததும் தம்பிதான். தின்றுவிட்டு மரியாதையாக வெளியே போய்ச் சாகும் என்று நினைத்திருக்கிறான்.

எனக்கு அந்தப் பத்தாயத்தின் மேல் தீராத ஆத்திரம் இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது, சோறு குழைந்துவிட்டது என்று அப்பா அம்மாவின் கூந்தலைப் பிடித்து இழுத்துப்போய் அவள் முகத்தை அதன் விளிம்பில் மோதினார். மறுபடியும் மோதினார். ரவிக்கை நனைய ரத்தம் கொட்டியது. நான் ஓடிப்போய் அவர் கையைக் கடித்தேன், சுவரோரமாக உதறி எறிந்தார். தம்பி அப்போது தூளியில் கிடந்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னோம்.

தம்பி ஓர் இடி இடித்ததும் கடப்பாரையை நான் பிடுங்கிக்கொண்டேன். இடிக்க இடிக்க வெறி ஏறியதே தவிரக் கை ஓயவில்லை. பலகைகள் படார் படாரென்று பிளந்தன. உயிரோடு இருந்த பெருச்சாளி ஒன்று என் காலுக்கு நடுவே பாய்ந்தது. தம்பி அதை விறகுக்கட்டையால் அடித்துச் சுவரோடு நசுக்கினான். புதுச் சுண்ணாம்பெல்லாம் ரத்தம். அடிப்பலகையை நெம்பியபோதுதான் மற்றவை தெரிந்தன. வயிறு வெடித்து, தோல் கழன்று, புழு நெளியக் கிடந்தன. தம்பி கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான். நான் முந்தானையை மூக்கில் திணித்துக்கொண்டேன்.

அம்மா பழைய கூடையோடு உள்ளே வந்தாள். குனிந்து, தென்னமட்டையால் அந்த அழுகலைக் கூடைக்குள் தள்ளினாள். முகம் சுளிக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. இடுக்கில் இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு நாத்தம் வரல?"

"எனக்கு ஏதுடி நாத்தம்? அன்னிக்கு இதுல இடிச்சாரே, அதோட போச்சு. மல்லிப்பூவும் தெரியாது, சாணியும் தெரியாது."

"போன்ல கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"தெரியலன்னு சொன்னா தம்பி கத்துவான்."

பால் தீய்ந்தது, குழம்பு கருகியது, ஊசிப்போன சாம்பாரை அம்மா இலையில் ஊற்றியது எல்லாம் நினைவுக்கு வந்தன. அதற்கெல்லாம் அடி. "மூக்கு செத்துப்போச்சாடி" என்று கேட்டுக் கேட்டு அடி.

"அவர்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அவருக்குத் தெரியாமலா? கும்பகோணத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவருதானே. இனிமே வாசனை திரும்பாதுன்னு டாக்டர் அவர்கிட்டதான் சொன்னாரு."

கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தாள். நான் கடப்பாரையைப் போட்டேன். அவள் கையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கொடியில் கிடந்த புடவைகளை உருவிப் பையில் திணித்தேன். தம்பி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"எங்கக்கா கெளம்புற? நாளைக்கு ஆள் வருது. யாரு கதவத் தெறக்கறது?"

"நீ தெற."

"அம்மா எங்கயும் வராது" என்று அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். அவன் கன்னத்தில் பளாரென்று விட்டேன். கை ஓங்கி வந்தான். இன்னொன்று விட்டேன், உதடு கிழிந்தது.

என்னையும் தம்பியையும் அடிக்க அப்பா கை ஓங்கிய போதெல்லாம் நடுவில் வந்து விழுந்தவள் அம்மா. அன்றைக்கு வரவில்லை. வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.